டில்லியின் மூன்று நிமிடம்

பிப்ரவரி 11, 2014

காலையிலிருந்து பர்பேங்க் ஸ்டுடியோவில் கூட்டம். பதினைந்து வருடமாகப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்களை வாங்கிப் படமாக்க அலைகிறேன். இன்னும் ஸ்டுடியோ வாசலில் காவலாளி என் பெயரை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான்.

இப்போது கையில் இருப்பது டில்லி என்கிற பள்ளிச் சிறுமியைப் பற்றிய நாவல். அதன் திரைக்கதையை க்ரோல் படித்துவிட்டான். அவன்தான் ஸ்டுடியோவில் தலையாட்ட வேண்டியவன். டில்லியின் வயதை மூன்று வருடம் கூட்டியாயிற்று, கண்ணாடியைக் கழற்றியாயிற்று. இப்போது கடைசிக் காட்சிக்கு வந்து நிற்கிறான். நாவலில் டில்லிக்குத் திக்கல். கடைசியில் பள்ளி மேடையேறித் திக்கித் திக்கியே பேசி முடிக்கிறாள், அரங்கம் காத்திருக்கிறது. அவ்வளவுதான் கதை. அதற்காகத்தான் அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

"இங்க பாரு ரோண்டா, பசங்க பாப்கார்னோட வர்றாங்க. மூணு நிமிஷம் ஒரு பொண்ணு திக்கறத எவன் உக்காந்து கேப்பான்? மேடையில அவளுக்குச் சரியாயிடணும். எல்லாரும் எழுந்து கை தட்டணும். முடிஞ்சது."

"எழுதினவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்கப் படம் புடிக்க முடியாதும்மா."

ஜூனுக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் படமாக்கும் உரிமை நாவலை எழுதின இங்க்ரிட்டிடமே திரும்பிப் போய்விடும். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இப்படித்தான் இரண்டு படங்கள் கைவிட்டுப் போயின. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

பிப்ரவரி 12

தூக்கம் இல்லை. இங்க்ரிட்டைச் சந்தித்த அந்த மதியச் சாப்பாடு திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

துலூத் என்கிற ஊரில் அவர் பள்ளி நூலகர். டில்லியைப் போலவே அவருக்கும் திக்கல். என்னோடு சேர்த்து நான்கு தயாரிப்பாளர்களைப் பார்த்தார், புத்தகத்தை எனக்குத் தந்தார். ஏன் எனக்கு என்று கேட்டேன்.

"மத்த மூணு பேரும் என் பேச்ச அவங்களே மு... முடிச்சு வச்சாங்க. நீங்க காத்திருந்தீங்க."

அன்று என் வாய் நிறையக் கீரை சாலட். காத்திருந்தேனாம்! மென்றுகொண்டிருந்தேன். அந்தப் பாராட்டை வெட்கமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த உற்சாகத்தில் சொன்னேன்: "டில்லிக்குத் திக்கல் போகாது. சத்தியமா."

பிப்ரவரி 14

க்ரோலிடம் சரி என்று சொல்லிவிட்டேன். இங்க்ரிட்டிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

மார்ச் 3

சொல்லவில்லை. அவரே கூப்பிட்டார். டில்லியாக நடிக்கிற பெண் எப்படி இருக்கிறாள், திக்கலைக் கேலிப் பொருளாக்கிவிட மாட்டாளே என்று கேட்டார். மாட்டாள் என்றேன். அது பொய் இல்லை. அதற்குப் பிறகு பேச்சை மாற்றுவதற்காக, "ஒரு நாள் படப்பிடிப்புக்கு வாங்க, கூட்டத்துல ஒருத்தரா உங்களையும் படத்துல வைக்கிறோம்" என்றேன். எழுதினவர்களுக்கு எல்லோரும் செய்கிற மரியாதைதான். பெயர் போட்ட நாற்காலி, ஒரு புகைப்படம், போகும்போது ஒரு தொப்பி. சின்னப் பிள்ளையைப் போலச் சந்தோஷப்பட்டார்.

ஆபத்தில்லாத நாளாகப் பார்த்து வைத்திருக்கிறேன். உணவுக்கூடக் காட்சி. டில்லி தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள், வசனமே இல்லை. எழுத்தாளர்களுக்கு எந்த நாளைக் காட்டலாம் என்பது எனக்கு அத்துப்படி. நல்ல தொழில்!

மே 20

போச்சு. எல்லாம் போச்சு.

நாளை மறுநாள் அரங்கத்தில் பள்ளியின் நாடக ஒத்திகையாம், அதனால் மேடைக் காட்சியை நாளைக்கே எடுத்தாக வேண்டுமாம். உணவுக்கூடம் தள்ளிப் போய்விட்டது. இங்க்ரிட் விமானம் ஏறிவிட்டார். இப்பவாவது கூப்பிட்டுச் சொல்லேன்டி, ரோண்டா. ஹோட்டலில் இறங்கியதும் கூப்பிட்டால் என்ன, நாக்கு உள்ளே போய்விடுமா?

"பயணம் நல்லா இருந்துச்சா?" என்று குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினேன். ஒரு சிரிப்புப் படம் வந்தது.

மே 21

கடைசி வரிசையில் உட்கார வைக்கச் சொல்லியிருந்தேன். எழுதினவர் என்று மரியாதை கொடுத்து மூன்றாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நீல ஸ்வெட்டர், புதிது.

டில்லி மேடையேறினாள். முதல் வார்த்தையில் திக்கினாள். கண்ணை மூடினாள், மூச்சை இழுத்தாள். பிறகு தண்ணீராய்ப் பேசினாள், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கூட்டம் எழுந்து கைதட்டியது. இங்க்ரிட் மட்டும் எழவில்லை. திரும்பி என்னைத் தேடினார். நான் மானிட்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

உதவி இயக்குநர் மைக்கைப் பிடித்துக் கத்தினான். "மூணாவது வரிசை, நீல ஸ்வெட்டர் மேடம்! நீங்களும் எழுந்து தட்டணும். உங்களால இன்னொரு டேக் போகுது!"

இரண்டாவது டேக்கில் எழுந்தார். தட்டினார். மூன்றாவதிலும். மதியம் வரை டேக் போய்க்கொண்டே இருந்தது. டில்லிக்குத் திக்கல் போகப் போக, அவளை உண்டாக்கினவர் எழுந்து நின்று கைதட்டினார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தார்.

"நீங்க மு... முன்னாடியே சொல்லியிருந்தா..."

"வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லல," என்றேன்.

"நான் சொல்ல வந்தது அ... அது இல்ல."

சொல்ல வந்ததை அவர் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

மே 22

தொப்பியை வாங்கிக்கொள்ளாமலே ஊருக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 8, 2015

நேற்று புத்தக வாசகர்களுக்காகத் தனிக் காட்சி. விளம்பரத்துக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதால் இங்க்ரிட் வந்தார். படம் முடிந்ததும் மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வணக்கம் சொன்னார், அவ்வளவுதான்.

பன்னிரண்டு வயதிருக்கும், ஒரு பெண் மைக்கை வாங்கினாள்.

"டி... டில்லிக்கு எப்படிச் ச... சரியாச்சு?"

கேள்வி எனக்கு. நான் இதுவரை சொன்னதிலேயே கேவலமான பதிலைச் சொன்னேன். "தன்னம்பிக்கைதான், கண்ணு."

அவள் யோசித்தாள். "எனக்கும் அது இ... இருக்கே."

இங்க்ரிட் என் கையிலிருந்து மைக்கை எடுத்தார்.

"பு... புத்தகத்துல அவளுக்குச் சரியாகல. எ... எனக்கும் ஆகல. ஆகாமலேதான் இவ்வளவும் பே... பேசியிருக்கேன்."

எழுதும்போது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அங்கே நேரம் எடுத்தது. நிகழ்ச்சி நடத்துகிறவள் நிறுத்தட்டுமா என்று கண்ணால் கேட்டாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நூறு பேர்! பாப்கார்ன் பையைக்கூட யாரும் நசுக்கவில்லை. எவன் உக்காந்து கேப்பான் என்றானே க்ரோல். கேட்டார்கள்.

மார்ச் 2

படம் ஓடுகிறது. க்ரோல் பூங்கொத்து அனுப்பினான். காவலாளிக்கு என் பெயர் பாடமாகிவிட்டது. டில்லியின் இரண்டாம் பாகத்தை இங்க்ரிட்டிடமிருந்து உடனே வாங்க வேண்டுமாம். "உன்மேலதான் அவங்களுக்கு நம்பிக்கை," என்கிறான். அடப்பாவி.

மார்ச் 14

துலூத். ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. நூலகத்துக்கு எதிரே இருக்கிற கடையில் உட்கார்ந்தோம். இருவருக்கும் மீன் சூப். நான் கரண்டியைத் தொடவில்லை.

இரண்டாம் பாகம் வேண்டும் என்று கேட்டேன். இந்த முறை ஒரு வரியும் மாறாது என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது?

"மா... மா..."

என்ன வரப்போகிறது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. நானே சொல்லியிருந்தால் அவருக்குச் சிரமம் மிச்சம். சொல்லவில்லை. கடைக்காரப் பெண் பக்கத்து மேசையைத் துடைத்து முடித்தாள்.

"மாட்டேன்."

"சரி, இங்க்ரிட்," என்றேன்.

சூப்பைக் குடித்தார். கிளம்புகிற நேரத்தில், அதையாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "முதல் நாள் நான் காத்திருக்கல. வாய் நிறையக் கீரை. அதான் பேசல."

சிரித்துவிட்டார். "தெ... தெரியும். பல்லுல ஒட்டியிருந்துச்சே."

"தெரிஞ்சா அப்புறம் ஏன் எனக்குக் குடுத்தீங்க?"

கோட்டைப் போட்டுக்கொண்டார், பொத்தானையும் மாட்டிக்கொண்டார். பிறகுதான் பதில் வந்தது.

"மு... முழுங்கினப்புறமும் நீங்க பேசல."