தெற்கு மூலையில் பத்தடி மண்

நடந்தது அத்தனையும் நான் முன்னாலேயே சொன்னதுதான், டீச்சர். நீங்கள் ஓய்வுபெற்ற அன்றே, "நீங்க போனதும் இந்த மண்ணு மேல கல்லைப் பதிச்சிருவாக" என்று பள்ளிக்கூட வாசலில் வைத்துச் சொன்னேன். ஊரில் வேறு யாருக்கு இந்த முன்யோசனை? திங்கட்கிழமை லாரி வந்து நின்றது. மைதானம் முழுக்கப் பதிக்கச் சிமெண்டுக் கல். அந்தப் புதுச் சிமெண்டு வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. பதிக்கும் வேலை யாருக்கு? எனக்குத்தான். இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் மேஸ்திரி ஏது?

முதன்முதலாக நீங்கள் என்னைக் கூப்பிட்டபோது பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரைப் பூசிக்கொண்டிருந்தேன். எட்டாவதில் பாதியோடு நின்றவனை வகுப்புக்குள் அழைத்தது நீங்கள் ஒருவர்தான். பிள்ளைகளுக்குக் காட்டத் தெற்கு மூலையிலிருந்து ஒரு சட்டி மண் கேட்டீர்கள். நான் சும்மா கொண்டுவருவேனா? பூச்சு மணல் சலிக்கும் சல்லடையில் மூன்று தடவை சலித்து, வேர், சருகு, மண்புழு எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மாவு மாதிரி கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் சட்டியைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"என்ன மேஸ்திரி, உசுரோட இருந்ததையெல்லாம் கொட்டிட்டு மிச்சத்தைக் கொண்டாந்திருக்கீக?"

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் சுவர்ப்பூச்சே உதிர்ந்திருக்கும், வேறு கொத்தனார் பூசியிருந்தால்.

சலிக்காத மண்ணை அள்ளிவந்தேன். பாட்டிலில் பாதி மண், மேலே தண்ணீர், மூடிக் குலுக்கி வைத்தீர்கள். குமிழி விட்டது, உள்ளே இருந்த காற்று என்றீர்கள். மணல் அடியில் உட்கார்ந்தது, அதற்கு மேல் வண்டல். களிமண் மறுநாள் வரை கலங்கியே நின்றது. சருகுத் துணுக்குகள் மிதந்தன. அஸ்திவாரத்துக்காக மேல்மண்ணை வெட்டி வீசியே காலம் கழித்தவன் நான். சோறு போடுவதும், மழையைக் குடித்துக் கிணற்றுக்கு அனுப்புவதும் அந்த மண்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இல்லை, எனக்கு முன்பே தெரியும், நீங்கள் உறுதிப்படுத்தினீர்கள்.

விட்ட மானத்தைப் பிடிக்க, "இந்த ஒரு பிடி மண்ணுக்குள்ள காரைக்குடிச் சனத்தைவிட அதிக உசுரு இருக்கு, பிள்ளைகளா!" என்று எடுத்துவிட்டேன். புளுகு என்று நினைத்தேதான் சொன்னேன். நீங்களோ, "குறைச்சுச் சொல்றீக மேஸ்திரி. கண்ணுக்குத் தெரியாததுகளைச் சேர்த்தா உலகத்துச் சனத்தையே மிஞ்சும்" என்றீர்கள். நான் குறைத்துச் சொன்னதாக என்னைக் குற்றம் சாட்டிய ஒரே ஆள் நீங்கள்தான்.

அந்த மூலையை மூடினால் பிள்ளைகள் எதைத் தோண்டிப் பார்ப்பார்கள்? திங்கட்கிழமை லாரிக்கு முன்னால் போய் நின்றேன். பத்தடிக்குப் பத்தடி விட்டால்தான் பதிப்பேன் என்றேன்.

"பிள்ளைக அழுக்காகுதுக மேஸ்திரி. மண்ணுன்னா புத்தகத்துல படம் இருக்குல்ல?" என்றார் புதுத் தலைமையாசிரியர்.

"சோத்துக்கும் படம் இருக்கு சார். மத்தியானம் அதைப் போடுவீகளா?"

"வேற ஆளை வச்சுப் பதிச்சுக்குவோம்."

"பதிங்க. நான் அந்த மூலையிலதான் உக்காந்திருப்பேன். என்னையும் சேர்த்துப் பதிச்சிருங்க."

அப்போதும் அவர் மசியவில்லை. அதன் பிறகுதான் அதைச் சொன்னேன். "டீச்சர் கடைசியா ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சு, 'மேஸ்திரி, அந்த மண்ணை மூட விட்டுறாதீக'ன்னு சொன்னாக சார்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்தடி விட்டுருங்க" என்றார்.

இன்றைக்கு ஆறாம் வகுப்பு அங்கே தோண்டியது. பாட்டிலைக் குலுக்கியது நான்தான். இனி எந்த லாரி வந்தாலும் முன்னால் நிற்பேன். அதையே மறுபடியும் சொல்வேன், கூச்சப்படாமல் சொல்வேன்.

உங்களிடம் மட்டும் அது செல்லாது. சிவகங்கை ஆஸ்பத்திரிக்கு நான் வரவே இல்லை, டீச்சர். கடைசியாக உங்களைச் சேர்த்திருக்கிற சேதி வந்த அன்றைக்கு நாட்டரசன்கோட்டையில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தோம். காங்கிரீட்டைப் பாதியில் விட்டு வரமுடியாது. மறுநாள் காலையில் வரலாம் என்றிருந்தேன்.