பித்தளைத் தையல்

8.7.2025
மகள் கௌசரைப் பெண் பார்க்க வருகிறோம் என்றவர்கள் வரவில்லை. அப்பன் எங்கே என்று விசாரித்திருப்பார்கள், வேறென்ன. வேனில் லோடு ஏற்றிக்கொண்டு நெல்லூர் போன மனுஷன் ஒன்பது வருஷமாகத் திரும்பவில்லை. அங்கே ஒருத்தியோடு பார்த்ததாக எவனோ சொன்னான். நானும் நம்பித் தெருவெல்லாம் தூற்றினேன். கௌசர் அவரை அத்தா என்று சொல்வதையே விட்டுவிட்டாள். 'அந்தாளு'தான்.
கறிக்குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

10.7
ராயபுரத்தில் சாவியோ அண்ணன் ஷெட்டுக்குப் போனேன், ஒரு பழைய அம்பாசடருக்கு சீட் அளவெடுக்க. இவரும் என் வீட்டுக்காரர் அமீரும் ஒன்றாக மெக்கானிக் வேலை கற்றவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு சீட் கவர் வேலை கொடுக்கிறார். வண்டியை யாரோ ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார், பழைய கார் ஊர்வலத்தில் விடணுமாம். ஆனால் உள்ளே இருப்பது அதன் சொந்த இன்ஜின் இல்லை, ஏதோ வேனிலிருந்து பிடுங்கிப் போட்ட டீசல் இன்ஜின். எந்த வண்டியுடையது என்று தெரியாமல் ஆர்.சி. புக்கில் பெயர் மாறாது.
"இன்ஜின் நம்பர அரத்தால ராவி வச்சிக்கீறான் சைமா. திருட்டு மாலு மாரி கீது," என்றார்.
எனக்கென்ன வந்தது. அளவெடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

15.7
எழுதிவிடுகிறேன்.
கவரைப் போட்டுப் பார்க்கப் போனேன். இன்ஜினை இறக்கிக் கழுவி மேசைமேல் வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு நீள விரிசல். அதன்மேல் வரிசையாகப் பித்தளைத் திருகுகளை இறக்கி மூடியிருந்தது. இரண்டு முனையிலும் மட்டும் திருகுகள் இரட்டை வரிசை.
அது நான் வைத்த புள்ளி.
எங்கள் வேன் இன்ஜின் விரிசல் விட்டபோது, வெல்டிங் நிற்காது, பித்தளையால் தைக்கணும் என்றார் அமீர். தையலென்றால் என் வேலையாச்சே என்று வாயடித்து, துணியில் கோடு போடும் சாக்பீஸால் ஓட்டைக்குப் புள்ளி வைத்துக் கொடுத்தேன். நூல் பிரியாமலிருக்க முனையில் இன்னொரு தரம் ஓட்டுவோமே, அதே கணக்கில் அங்கே மட்டும் இரட்டையாக. இரும்புக்கு எதற்கு அது? அவருக்குத் தெரியாதா? சிரித்துக்கொண்டே என் புள்ளி மேலேயே துளை போட்டார்.
சாவியோ அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

16.7
வேனை வித்துட்டு அவகூட நல்லாத்தான் இருக்காருன்னு வச்சுக்க. வித்த வண்டிக்கு எதுக்கு நம்பரை ராவணும்?

17.7
சொல்லிவிட்டேன். விரிசல் தைக்கிறவர்கள் ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள் என்று சமாதானம் சொன்னார் சாவியோ அண்ணன். முனைகளைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். வெளியே போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். டீ வந்தது, குடிக்கவில்லை.
"எந்த மெக்கானிக்கும் இப்டி தைக்க மாட்டான் தங்கச்சி," என்றார்.

24.7
அம்பாசடரை விற்ற புரோக்கரைப் பிடித்து, அவன் மூலமாக மாத்தூர் தாண்டி ஒரு காயலான் கடைவரை சாவியோ அண்ணன் போய்வந்திருக்கிறார். கடைக்காரன் முதலில் மழுப்பினானாம். போலீசுக்குப் போவோம் என்றதும் வாயைத் திறந்திருக்கிறான். அமீர் கிளம்பிய அதே வாரம், காகிதம் எதுவும் இல்லாமல் இரண்டு பேர் வேனைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனார்கள். இவன் உடனே வெட்டிப் பிரித்து விற்றுவிட்டான்.
இன்னும் ஏதோ இருக்கிறதென்று அண்ணன் முகத்திலேயே தெரிந்தது. சொல்லுங்க என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.
"சீட்ட கழுவிக்கினு வந்தானுங்களாம்."

2.8
புகார் கொடுத்திருந்தோம். போலீஸ் ஒரு போட்டோ காட்டினார்கள். ஆந்திர எல்லையில் ஒரு கால்வாயில் கிடைத்த உடம்பு. அவர் கிளம்பிய அதே மாதம். யாரும் தேடி வரவில்லை என்று அங்கேயே புதைத்துவிட்டார்களாம்.
முகம் முகமாக இல்லை. சட்டை நான் தைத்தது.
தேடி வர நான் ஒருத்தி இருந்தேனே. ஓடிப்போனவனை எதுக்குத் தேடணும்னு வீராப்பா உக்காந்திருந்தேனே, பாவி.

3.8
கௌசர் ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.
"எங்க அத்தாவ எங்க பொதச்சிக்கீறாங்கம்மா?"

8.8, வெள்ளி
ஜும்மா தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் பார்த்து, புருஷன் மௌத்துக்கு நான் எப்போதிலிருந்து வெள்ளை கட்டி வீட்டோடு இத்தா இருக்கணும் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லவே சங்கடம்.
"இத்தா மௌத்தான நாள்லேர்ந்து கணக்கும்மா, சேதி தெரிஞ்ச நாள்லேர்ந்து இல்ல. ஒனக்கு அது எப்பவோ முடிஞ்சிபோச்சி."
முடிந்துவிட்டதாம். இத்தாவுக்கான அந்த நாலு மாதம் பத்து நாளும் நான் பூப்போட்ட புடவை கட்டிக்கொண்டு, தண்ணி லாரி வரிசையில் நின்று, அவர் விளங்காமல் போகணும் என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் மண்ணுக்குள்ளே இருந்தார்.
ஹஜ்ரத் சட்டம் சொன்னார், தப்பில்லை. ஆனாலும் இத்தா இருக்காமல் விட என்னால் முடியாது. சாவியோ அண்ணனுக்குப் போன் பண்ணி, டிசம்பர் வரைக்கும் வெளியே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.
வீட்டில் வெள்ளைப் புடவை இல்லை. கௌசர் வண்ணாரப்பேட்டைக்கு வாங்கப் போயிருக்கிறாள்.