உங்கள் தலைமேல் நான் சுருக்கிய ஆசி

அன்புள்ள அண்ணாச்சி,

இன்று காலை மௌரி அவென்யூ மளிகைக் கடையின் வாயிலில், காய்கறிப் பைகளை வண்டியில் வைத்துவிட்டுச் சாவியைத் துழாவியபோது விரல்களில் பிசுபிசுப்புத் தட்டியது. இப்போது என் சாவியும் கோத்திருக்கும் உங்கள் சாவிக்கொத்தில் தொங்கிய அந்தச் சிறு உலோகக் குப்பியின் மூடி தளர்ந்து, எண்ணெய் முழுவதும் என் கால்சட்டைப் பையில் இறங்கியிருந்தது. ஒலிவ எண்ணெய். ஓராண்டாக அடைபட்டுக் கிடந்ததால் காறல் ஏறிய மணம். நான் வண்டி நிறுத்தியிருந்த இடத்திற்காகக் காத்திருந்த ஒரு பெண் காரின் கண்ணாடியை இறக்கி, "அங்கிள், கிளம்பறீங்களா, இல்ல இப்பதான் வந்தீங்களா?" என்று கேட்டாள். எண்ணெய் வழியும் விரல்களை அவளுக்குத் தூக்கிக் காட்டினேன்.

நோயுற்றவர் அழைத்தால் மூப்பர்கள் இருவராகச் செல்ல வேண்டும். ஒருவர் உச்சந்தலையில் ஒரு துளி எண்ணெய் இட்டுப் பெயர் சொல்லி வேண்ட, மற்றவர் அத்தலைமேல் கைவைத்து, உள்ளத்தில் எழும் சொற்களால் ஆசி கூறி முடிக்க வேண்டும். இது நம் மோர்மன் கிறித்தவச் சபையின் முறை. பதினெட்டு ஆண்டுகள் எண்ணெய் உங்களுடையதாகவும் சொல் என்னுடையதாகவும் இருந்தன. ஃப்ரீமான்ட்டிலும் யூனியன் சிட்டியிலும் நாம் ஏறாத மாடிப்படி இல்லை. பதிகம் பாடும் வீட்டில் பிறந்து நடுவயதில் இந்தச் சபைக்கு வந்தவன் நான். என் நாவில் பழந்தமிழே ஆசியாக வரும். ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்களும் கண்மூடிக் கேட்டிருப்பார்கள். படியிறங்கும்போது நீங்கள் சொல்வீர்கள்: "கோயம்புத்தூராரே, நீரு பேசுத தமிழு ஆண்டவருக்கே பாதிதான் புரியும்வே. ஆனா கேக்க நல்லாருக்கு."

மத்தேயோவின் வீட்டிற்கு நாம் முதன்முதலில் போனதும் அப்படியொரு அழைப்பின்பேரில்தான். அவருடைய மகளுக்குக் காய்ச்சல். குவாத்தமாலாவிலிருந்து வந்து வீடுகளுக்கு டைல்ஸ் பதித்துப் பிழைத்தவர். ஞாயிறுதோறும் நமக்கு முன்வரிசையில் மனைவி ரோசாவோடும் இரு பிள்ளைகளோடும் அமர்பவர். உங்கள் குளியலறைத் தரையைப் பதித்துக் கொடுத்துவிட்டு, கூலி வேண்டாம், மதினி வைத்த மீன்குழம்பே போதும் என்றார். அந்தத் தரையைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன நேக்கு பாத்தீரா! ஒரு தண்ணி தேங்குதா?" என்பீர்கள். ஊர் நீர்வாரியத்தில் பொறியாளராக இருந்த உங்கள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

அப்படிப்பட்ட மத்தேயோ, ஆண்டுதோறும் கையெழுத்திடச் செல்லும் குடியேற்ற அலுவலகத்திற்குச் சென்ற ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வரவில்லை. அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். முறையான குடியேற்றத் தாள் இல்லாவிட்டாலும் பதினைந்து ஆண்டுகளாகத் தவறாமல் போய்க் கையெழுத்திட்ட மனிதர். ஒளிந்திருந்தால் பிடிபட்டிருக்க மாட்டார். ஒழுங்காக நடந்ததால் பிடிபட்டார்.

மறுநாள் ரோசாவைப் பார்க்க நாம் உங்கள் காரில் போனோம். பின்னிருக்கையில் மதினி கட்டிக்கொடுத்த சோறும் குழம்பும் சூடாக இருந்தன. எண்ணூற்றெண்பதாம் எண் ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவில்லை. நான் வாய் திறந்தேன்.

"அண்ணாச்சி, நீங்க போட்ட ஓட்டு இது."

நீங்கள் சாலையைப் பார்த்தபடியே சொன்னீர்கள். "நான் பதினோரு வருசம் கிரீன் கார்டுக்கு வரிசையில நின்னேன்வே. எங்கம்மா பாளையங்கோட்டையில செத்துக் கெடக்கா, போனா திரும்ப உள்ள விடமாட்டான்னு வக்கீல் சொல்லுதான். போவல. வீடியோவுல மண்ணு போட்டேன். வரிசையில நின்னவன் முட்டாளா?"

"நம்ம சபை முன்னோர்களை இந்த நாட்டுக்காரங்களே அடிச்சுத் துரத்தினப்ப, வண்டி பூட்டிக்கிட்டு மலை தாண்டிப் போனாங்களே, அது அன்னைக்கு யாரு மண்ணு? மெக்சிகோ மண்ணு. அவங்க எந்த வரிசையில நின்னாங்க?"

"முன்னோர்களா?" என்று சிரித்துவிட்டீர்கள். "உம்ம தாத்தா பஞ்சு மில்லுல சங்கு ஊதுனாரு, எங்க தாத்தா சர்ச்சுல மணி அடிச்சாவ. இதுல யாருவே வண்டி பூட்டுனா?"

எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. "அப்ப இந்தச் சோறு எதுக்கு?" என்றேன்.

"அது வேற, இது வேறவே" என்றீர்கள். அது உங்கள் வழக்கமான சொல்.

ரோசாவின் வீட்டில் நீங்கள் குழம்பைக் கிண்ணங்களில் ஊற்றினீர்கள். ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைப் பிரித்து வாஷர் மாற்றினீர்கள். வக்கீலிடம் அழைத்துச் செல்வதற்கு நாள் குறித்துக்கொண்டீர்கள். நான் அந்தப் பிள்ளைகள் முன்னால் கைகட்டி அமர்ந்து, உங்கள் கைகளையே வெறித்துக்கொண்டிருந்தேன். கொடுக்கிற அந்தக் கையும் வாக்குச்சீட்டில் புள்ளியிட்ட அந்தக் கையும் ஒன்றுதானே என்ற எண்ணம் என்னை அரித்தது.

என் கருத்து உங்களுக்குத் தெரியாததன்று. தேர்தல் காலத்தில் சபைத் தலைமை அனுப்பி மேடையிலிருந்து படிக்கப்படும் கடிதத்தை நாம் ஒரே பெஞ்சில் அமர்ந்து கேட்டோம். சபை எந்தக் கட்சிக்கும் உரியதன்று, நேர்மையுள்ளவரைத் தேடித் தேர்ந்தெடுங்கள் என்னும் கடிதம். இந்நாட்டின் அரசியல் சாசனம் இறைவன் அருளால் எழுந்தது என்று நாம் நம்புகிறோம். அப்படியிருக்க, நீதிமன்றத்தின் ஆணையை ஏளனம் செய்பவரை, பொய்யைக் கூச்சமின்றிப் பேசுபவரை, அந்நியனின் துயரத்தைக் கைதட்டலாக மாற்றுபவரை எப்படித் தேர்ந்தெடுக்க முடிந்தது? என் பக்கம் தோற்றதற்காக நான் அழவில்லை. தோற்பது குடியாட்சியில் இயல்பு. எனக்குச் சாந்தத்தைக் கற்பித்தவர்கள் குரூரத்தைக் கண்டு சிரிக்கப் பழகிவிட்டார்களே, அதற்காகத்தான் அழுதேன். யார் வீடு மாறினாலும் பியானோ தூக்க ஓடிவரும் நம் சபையாரின் கைகள், யாருடைய வீடு உடைந்தாலும் அது சட்டம் என்று மடங்கிக்கொள்கின்றனவே. விருந்தினரை முகம் கோணாமல் ஏற்கச் சொன்ன தமிழும், அந்நியனை உன்னைப்போல் நேசி என்ற மறையும் எனக்கு ஒரே குரலாகத்தான் கேட்கின்றன. அதில் "அது வேற, இது வேற" இல்லை. அதைப் பிரிக்க முடியாததே என் நெஞ்சின் நேர்மை என்று பெருமைப்பட்டிருந்தேன்.

அதற்கு மூன்று வாரங்கள் கழித்து உங்களுக்கு இதய வால்வில் அறுவை. "உசிருக்கு ஒண்ணும் ஆவாதுவே, இப்ப பல்லு புடுங்குத மாதிரி ஆயிட்டு" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். "ஆனா நீரு வாரும். எண்ணெய் நான் கொண்டு போறேன். எனக்கு நானே வச்சுக்கிட முடியாதுல்லா, எம்மவன் வைப்பான். பேச்சு நீருதான்."

அறுவை நாளன்று காலை பத்து மணிக்கு நான் மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் இறங்கும்போது ரோசா அழைத்தாள். மத்தேயோவைக் குவாத்தமாலா விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம். பிள்ளைகளின் குரலைக்கூடக் கேட்க விடவில்லையாம். அவள் அழவில்லை. சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தச் செய்தியைக் காதில் வைத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.

நீங்கள் நீலநிற அங்கியில், கால்கள் தெரிய அமர்ந்திருந்தீர்கள். சுவரிலிருந்த தொலைக்காட்சியில் உங்கள் செய்தி அலைவரிசை. நான்கு பேர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒலியை நிறுத்தினீர்கள்.

"வாரும்வே. மத்தேயோ வெசயம் ஏதும் தெரிஞ்சுதா?"

"இல்லை" என்றேன்.

அறுவைக்குமுன் உங்களைக் கலங்கச் செய்ய வேண்டாம் என்று மறைத்ததாகப் பிறர் கேட்டால் சொல்லலாம். உண்மை அதுவன்று, அண்ணாச்சி. அந்தத் துயரத்தில் உங்களுக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனம் இல்லை. நீங்கள் வருந்துவதைக்கூட நான் அனுமதிக்க விரும்பவில்லை. பொய்யைக் கூச்சமின்றிப் பேசுபவர்களைப் பற்றி அவ்வளவு பேசியவன் நான்.

"சரி, உம்ம தமிழ்ல நல்லா நீளமா சொல்லும். டாக்டர் வர லேட்டாவும்" என்று கண்மூடிக்கொண்டீர்கள்.

உங்கள் மகன் உச்சியில் எண்ணெய் வைத்து, உங்கள் முழுப்பெயரைச் சொல்லித் தன் பகுதியை முடித்தான். இருவரும் கைவைத்தோம். நரைமயிருக்கு அடியில் உங்கள் தலையின் வெப்பம் என் உள்ளங்கையில் ஏறியது. சொற்கள் வந்தன, வந்தன என்றே சாட்சி சொல்வேன். எழுந்து நடப்பீர்கள், பேரப்பிள்ளைகளின் திருமணத்தில் பந்தி விசாரிப்பீர்கள், உங்கள் கைகள் இன்னும் பல வீடுகளின் குழாய்களைச் செம்மை செய்யும் என்றெல்லாம் என் நெஞ்சில் முட்டி நின்றன. அவற்றை நான் வாயில் தடுத்தேன். இந்தத் தலைதானே மத்தேயோவுக்கு நேர்ந்ததை நியாயப்படுத்தியது என்று எண்ணினேன். இறைவன் சித்தம் நிறைவேறுக, மருத்துவர் கைகள் வழிநடத்தப்படுக என இரண்டே வாக்கியங்கள். ஆமென்.

நீங்கள் ஒரு கண்ணைத் திறந்தீர்கள். "என்னவே, தந்தி அடிக்கீரா?"

உங்கள் மகன் சிரித்தான். நானும் உதட்டளவில் சிரித்து, வண்டி நிறுத்த நேரம் முடிகிறது என்று ஏதோ சொல்லி விடைபெற்றேன். கதவருகில் திரும்பிப் பார்த்தபோது நீங்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தொலைக்காட்சிக்கு இன்னும் ஒலி கொடுக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு மதினியிடமிருந்து அழைப்பு வந்தது.

அடக்கத்திற்குமுன் சபை முறைப்படி உங்கள் உடலுக்கு வெண்ணுடை உடுத்தும் கடமை எனக்கும் உங்கள் மகனுக்கும் வாய்த்தது. அதன் புனிதம் கருதி விரித்து எழுதவில்லை. ஒன்று மட்டும். அவன், "அங்கிள், அப்பாவோட ஹெட்டைக் கொஞ்சம் ஹோல்ட் பண்ணுங்க" என்றான். அதே தலை, கல்போல் குளிர்ந்திருந்தது. அப்போது வந்தன, அண்ணாச்சி, நான் தடுத்து நிறுத்திய சொற்கள் அத்தனையும். தலைவனை இழந்த பாணர்கள் பாடிய துறைக்குக் கையறுநிலை என்று நம் பழம்புலவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். செயலற்றுப்போன நிலை என்று அதற்குப் பொருள் சொல்லிப் பல காலம் பெருமையோடு விளக்கியிருக்கிறேன். அன்றுதான் அதன் பொருள் எனக்குத் தெரிந்தது. என் கைகள் இரண்டும் இருந்தன. செய்ய ஒன்றும் இல்லை.

அடக்கம் முடிந்த மாலை மதினி உங்கள் சாவிக்கொத்தை என் கையில் வைத்தார். "தியேட்டருக்குள்ள கொண்டு போகும்போதும் உங்க நெனப்புதான். 'கோயம்புத்தூராரு மனசு சரியில்ல போல. வந்து பேசிக்கிடுதேன்'னு சொன்னாவ" என்றார். உங்களைப் பற்றி நான் எண்ணியதை நீங்கள் அறிந்திருந்தீர்கள். அறிந்துதான் தலையைக் கொடுத்தீர்கள்.

பிஷப்பிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆசியின் நீளத்தால் உயிர் கூடுவதும் குறைவதும் இல்லை, காலம் இறைவன் கையில் என்றார். நல்ல மனிதர், அவரும் உங்கள் கட்சிக்கே வாக்களித்தவர். அவர் சொன்னது மறைக்கு ஒத்தது என்பதை அறிவேன். ஆனால் அவர் விடை சொன்ன கேள்வி என்னுடையதன்று. நீங்கள் பிழைத்திருப்பீர்களா என்று நான் கேட்கவில்லை. என் வழியாக உங்களுக்கு வந்த ஒன்றை நான் எடுத்துவைத்துக்கொண்டேன்; அது எனக்கு உரியதன்று.

என் கருத்து மாறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாறிவிட்டது என்று எழுதினால் அது உங்களுக்கு இரண்டாவது பொய். மத்தேயோவுக்கு இழைக்கப்பட்டது அநீதி. அதற்குத் துணைபோன வாக்குகளில் உங்களுடையதும் ஒன்று. இன்று நீங்கள் எதிரே அமர்ந்திருந்தால் மறுபடி சண்டையிடுவேன், இன்னும் உரத்து. காரில் சண்டையிட்டிருக்கலாம், சபை வாயிலில் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். ஆனால் தலை தாழ்த்தி, கண்மூடி, என்னை நம்பி அமர்ந்தவரின் உச்சியில் வைத்த கைகளால் நான் தீர்ப்பு எழுதினேன். இந்நாடு மனிதரைக் கட்சியாக மட்டும் பார்க்கிறது என்று புலம்பியவன், அந்த அறையில் அதையே செய்தேன்.

இறந்தோர்க்காக நாம் செய்யும் சடங்குகள் எத்தனை! அவர்கள் பெயரால் நீரில் மூழ்கித் திருமுழுக்குப் பெறுகிறோம். அவர்கள் பெயரால் உடன்படிக்கை செய்கிறோம். உயிரோடு இருந்தபோது விட்டுப்போனதை இன்னொருவர் உடல்கொண்டு நிறைவு செய்யலாம் என்ற நம்பிக்கைதான் முதியவனான என்னை இந்தச் சபையில் நிறுத்திவைத்திருப்பது. ஆனால் நோயுற்றவருக்குச் சொல்லும் ஆசிக்கு மட்டும் பதிலாள் கிடையாது. அதற்கு உயிருள்ள தலை வேண்டும்.

இப்போதும் அழைக்கிறார்கள், போகிறேன். புதிதாக என்னோடு வருபவர் எண்ணெய் வைக்க, நான் பேசுகிறேன். எந்தக் கட்சி என்று எவர் தலையிடமும் கேட்பதில்லை. சொற்கள் தங்குதடையின்றி வருகின்றன. உங்களுக்கென வந்தது மட்டும் என்னிடமே இருக்கிறது. அதை எவர்க்கும் மாற்றிக் கொடுக்க முடியவில்லை, அண்ணாச்சி. அது உங்கள் முழுப்பெயரில் தொடங்குகிறது.