காய்ச்சல் வரும் என்று சொன்னேன்

1982 பிப்ரவரி 11

கவுஞ்சியில் இன்று முத்தடுப்பு ஊசி. அன்னக்கொடி மட்டும் தன் ஐந்து மாதப் பிள்ளை வள்ளியைத் தரவில்லை. "ஊசி போட்டா காய்ச்சல் வருமா நர்சம்மா?" என்று கேட்டாள். வரும், இரண்டு நாள் இருக்கலாம், மாத்திரை தருகிறேன். ஆனால் கக்குவான் இருமல் வந்தால் இந்த வயதுப் பிள்ளை தாங்காது என்று எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்தாள். பூண்டு எடுப்பு நடக்கிறதாம். காய்ச்சல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. அடுத்த மாதம் போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

திரும்பும் வழியில் மேற்பார்வையாளர் பரமானந்தம் சார் கடிந்துகொண்டார். காய்ச்சல் பேச்சையே எடுக்கக் கூடாதாம்.

மார்ச் 11

அன்னக்கொடி வீடு பூட்டிக் கிடந்தது. மிளகு பறிக்கப் பண்ணைக்காட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

ஏப்ரல் 27

ஊர் திரும்பியதிலிருந்து வள்ளிக்கு இருமலாம். கக்குவான்தான். இருமி இருமி முகம் நீலம் பாய்கிறது. ஒவ்வொரு தடவையும் மூச்சு திரும்புமா என்று – ஜீப் பிடித்துக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கர்த்தரே.

ஏப்ரல் 30

வள்ளி போய்விட்டாள்.

மே 3

"நீங்க பேசாம இருந்திருந்தா அந்தப் புள்ள இருந்திருக்கும், சிஸ்டர்." பரமானந்தம் சார் குரலை உயர்த்தவில்லை. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றே தொடங்கியிருந்தால் இந்நேரம் மூன்று தவணை ஊசியும் முடிந்திருக்கும்.

ஒரு வார்த்தைதானே லீமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். முழுங்கியிருக்கக் கூடாதா? பொய் சொல்லியிருக்கணுமா நீ?

ஜூன் 10

இன்று இரண்டு வீடுகளில் காய்ச்சலைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டு பேருமே பிள்ளையை நீட்டினார்கள். பஸ்ஸில் வரும்போது அதே நினைப்புதான். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அவர்கள் என்னவென்று நினைப்பார்கள்?

ஜூன் 11

திரும்பப் போய் ஒரு வீட்டில் விவரம் சொல்லி மாத்திரை கொடுத்தேன். மற்றவள், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட கோபத்தில், கதவைத் திறக்கவே இல்லை.

ஆகஸ்ட் 12

அன்னக்கொடியின் தங்கை சின்னத்தாயி மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்தாள். அக்காளும் கூடவே. அன்னக்கொடியின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காய்ச்சல் வருமா என்று சின்னத்தாயியும் கேட்டாள். வரும் என்றேன். அவளுக்கும் காட்டில் வேலை கிடக்கிறது, தயங்கினாள்.

அன்னக்கொடிதான் பேசினாள். "நர்சம்மா அன்னைக்கு எங்கிட்டயும் மறைக்கல. எனக்குத்தான் புள்ளயப் பாத்துக்க ஆளில்ல. ஒனக்கு நான் இருக்கேன். நீ காட்டுச் சோலிக்குப் போ."

சின்னத்தாயி குழந்தையை என் பக்கம் திருப்பினாள்.

ஆகஸ்ட் 14

கவுஞ்சிக்குப் போக வேண்டிய நாள் அல்ல. போனேன். சின்னத்தாயி காட்டில் இருந்தாள். குழந்தை அன்னக்கொடியின் மடியில், நெற்றியில் ஈரத்துணியோடு. தொட்டுப் பார்த்தேன், வேர்த்துக் குளிர்ந்திருந்தது.

"காய்ச்சல் வெள்ளனே எறங்கிருச்சு" என்றாள். அதற்குப் பிறகும் அவள் குழந்தையைக் கீழே விடவில்லை.