எனக்கு நானே மேனேஜர்

மார்ச் 2, திங்கள்

இன்றைக்கும் நாற்காலி போச்சு. போய்ப் பார்த்தால் என் இடத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருக்கிறார். "சார், இது என் சீட்" என்றேன். "அப்படியா? நீங்க புதுசா?" என்கிறார்.

நான் புதுசா! நான் சேர்ந்தபோது இந்தக் கம்பெனியில் மொத்தமே பதினோரு பேர். ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு டிபார்ட்மென்ட்டே லீவு. இப்போது லிஃப்டுக்கு வரிசை, கழிவறைக்கு வரிசை. தினமும் புது முகங்கள் வருகின்றன. எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை, பாவம்.

நாங்கள் செய்வது, போனில் ஓயாமல் வந்து விழும் அறிவிப்புகளைக் குறைக்கும் ஆப். குறைத்துவிட்டோம் என்று சொல்வதற்காக தினமும் எட்டு அறிவிப்பு அனுப்புகிறோம். ஆப் ஒழுங்காக ஓடுகிறதா என்று வெளியே விடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பது என் வேலை. இன்று அதை ஜன்னல் ஓரத்துத் தரையில் உட்கார்ந்து செய்தேன்.

சாயங்காலம் முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்து, "நாம ராக்கெட்ல ஏறிட்டோம், சீட் பெல்ட் போட்டுக்கோங்க" என்றார். வாராவாரம் இதைத்தான் சொல்கிறார். அதனால் அவருக்கு ராக்கெட் என்றே பெயர். சீட்டே இல்லை, பெல்ட்டுக்கு எங்கே போவது?

மார்ச் 5, வியாழன்

அக்கா போன். எடுத்ததும் "பயப்படாதே" என்றாள். அப்பாவுக்கு பைபாஸ். ஏப்ரல் பதினாறுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

"மூணு வாரமாவது வந்து இருடி. ஆஸ்பத்திரியில நான் ஒருத்தியா எல்லாத்துக்கும் ஓட முடியாது. போன தடவை அப்பா விழுந்தப்பவும் நீ வரல. நான் ஒண்ணும் கேக்கல, இல்ல?"

கேட்கவில்லைதான். அம்மா போனதிலிருந்து எல்லாம் அவள் தலையில்தான்.

அப்பா போனைப் பிடுங்கிப் பேசினார். "அவ கிடக்கா. வேலையைக் கெடுத்துக்காதேம்மா. இன்சூரன்ஸ் அதுலதானே இருக்கு."

அதுதான் விஷயம். ஆபரேஷன் செலவு முழுக்க என் கம்பெனி இன்சூரன்ஸில். லீவு கிடைக்காமல் கிளம்பிப் போனால், ஒரு வாரத்தில் 'தானாக விலகியவர்' என்று எழுதிவிடுவார்கள். வேலையோடு இன்சூரன்ஸும் போய்விடும். அப்பாவின் நெஞ்சைத் திறந்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பேரம் பேச முடியுமா?

ஆக, லீவு வேண்டும். முறைப்படி வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

லீவு போட்டாச்சு.

மார்ச் 12, வியாழன்

இன்னும் பதில் இல்லை. சிஸ்டத்தில் 'உங்கள் மேனேஜரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்றே நிற்கிறது. சரி, அந்த மேனேஜர் யார்? இருந்தவர் ஜனவரியில் போட்டி கம்பெனிக்குப் போய்விட்டார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அங்கேதான் இருக்கிறார். இப்போது யார் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேனேஜர் இல்லாமல் வேலை நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது, எதற்குக் கிளறுவானேன் என்று இருந்துவிட்டேன்.

இன்று 'மேனேஜர்' என்ற இடத்தை அழுத்திப் பார்த்தேன். ஒரு போட்டோ வந்தது. அரைக்கண்ணை மூடிக்கொண்டு இளிக்கிற ஒருத்தி.

நான்தான்.

மார்ச் 13, வெள்ளி

எச்.ஆர்.-இல் ஒரு மேடம் இருக்கிறார். வீடு பற்றி எரிகிறது என்றாலும் "சூப்பர்" என்பார். அவரிடம் போனேன்.

"ஓ, அதுவா? உங்க மேனேஜர் போனதும், டீம்ல அடுத்த சீனியர் யாருன்னு சிஸ்டம் தேடியிருக்கு. நீங்கதான் சீனியர்."

"மேடம், டீம்ல நான் ஒருத்திதான்."

"சூப்பர். அப்போ குழப்பமே இல்ல."

"அப்போ என் லீவை நானே ஓகே பண்ணிக்கலாமா?"

அவர் முகம் மாறிவிட்டது. ஏதோ கல்லாப்பெட்டியில் கை வைத்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அவங்கவங்க லீவை அவங்கவங்களே ஓகே பண்ண முடியாதும்மா. மேனேஜர்தான் பண்ணணும்."

"மேனேஜர் நான்தானே?"

"ஆமா. அதனாலதான் முடியாது."

சரி, மேனேஜரை மாற்றுங்கள் என்றேன். மாற்றுகிற ஆள் போன மாதம் வேலையை விட்டுவிட்டாராம். அந்த இடத்துக்குப் புது ஆளை எடுக்க அவருடைய மேனேஜர் ஒப்புதல் தரவேண்டுமாம். அந்த மேனேஜர் யார் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா: "லீவு கிடைச்சுதா?"

"பேசிட்டு இருக்கேன்."

"யாரோட?"

டவர் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

ஒவ்வொரு மேனேஜரும் தன் கீழே இருப்பவரோடு வாரம் அரை மணி நேரம் மனம் விட்டுப் பேச வேண்டுமாம். பேசாதவர்கள் பெயர் சிவப்பில் வருகிறது. என் பெயர் வந்துவிட்டது. அறை பிடித்தேன். எங்கள் அறைகளுக்கெல்லாம் கிரகங்களின் பெயர். எனக்குக் கிடைத்தது சனி. வேறென்ன கிடைக்கும்?

உட்கார்ந்து கேள்விகளை நிரப்பினேன். 'உங்கள் ஊழியர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா?' இல்லை. 'காரணம் கேட்டீர்களா?' கேட்டேன், அப்பாவுக்கு ஆபரேஷன், லீவு கிடைக்கவில்லையாம். 'இதற்காக நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?'

அதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தக் கேள்வியில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மேனேஜர் மேல் நிஜமாகவே கோபம் வந்தது. இத்தனை வருஷமாக ஒருத்தி மாடாக உழைத்திருக்கிறாள், அவளுக்காக எங்காவது போய் ஒரு சண்டை போட்டாயா நீ? எச்.ஆர்.-இல் ஒரு முறை கேட்டுவிட்டு, சரி மேடம் என்று வாலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாயே.

மார்ச் 24, செவ்வாய்

சண்டை போடுவதென்று முடிவு செய்து ராக்கெட்டை மாடிப்படியில் மடக்கினேன். ஒரு காலத்தில் நானும் அவரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தவர்கள். என் பெயரை ஞாபகப்படுத்திக்கொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா முக்கியம். கண்டிப்பா போகணும்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "உன் மேனேஜர்கிட்ட பேசு. அவங்க விஷயத்துல நான் தலையிட மாட்டேன். நான் ஆட்களை நம்புறவன்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 27, வெள்ளி

சிறந்த மேனேஜர்களுக்குப் பாராட்டு. என் டீமில் இந்த வருஷம் ஒரு சச்சரவு கூட இல்லையாம். கண்ணாடிக் கோப்பை ஒன்று கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். கை தட்டினார்கள்.

ஏப்ரல் 1, புதன்

முட்டாள்கள் தினம் என்பதால் முதலில் யாரும் நம்பவில்லை. ராக்கெட் மேடையில் ஏறி, "நாம ரொம்ப வேகமா வளர்றோம்" என்றார். கை தட்டினோம். "இன்னும் மேல போகணும்னா எடையைக் குறைக்கணும்" என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் அதற்கும் தட்டினார்கள். அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது.

ஒவ்வொரு மேனேஜரும் தன் டீமிலிருந்து வீட்டுக்கு அனுப்ப ஒரு பெயர் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்.

என் டீமில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 2, வியாழன்

சூப்பர் மேடம் கையைப் பிசைந்தார். "உங்க டீமுக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றார். இன்று ஒரு தடவை கூட சூப்பர் சொல்லவில்லை. அவரும் ஒரு பெயர் கொடுக்க வேண்டுமே.

மேனேஜர்களுக்கென்று ஒரு வழிகாட்டி அனுப்பியிருக்கிறார்கள். எப்படிச் சொல்வது, அழுதால் என்ன செய்வது, தண்ணீர் எங்கே வைப்பது எல்லாம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: கம்பெனியால் நீக்கப்படுபவர்களுக்குக் குடும்ப இன்சூரன்ஸ் மூன்று மாதம் தொடரும். தானாக விலகுபவர்களுக்கு அன்றோடு முடியும்.

திரும்பத் திரும்பப் படித்தேன். போன் செய்தும் கேட்டேன். பெற்றோருக்கும் உண்டாம்.

அக்காவைக் கூப்பிட்டேன். "வேலை போனா வரலாம்க்கா. இன்சூரன்ஸும் இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் தேடணும்."

"அந்தக் கம்பெனிதான் உலகம்னு இருந்தியேடி."

இருந்தேன். முதல் ஆயிரம் பேர் ஆப்பை இறக்கிய அன்று மேஜை மேல் ஏறிக் கத்தியவள்தானே நான். வேலையை விட எனக்கு மனசில்லை. எழுதும்போது கூட மனசில்லை. ஆனால் அப்பா விழுந்தபோதும் நான் இங்கேதான் இருந்தேன், ஆப்பின் ஏதோ ஒரு வெளியீட்டுக்காக. என்ன வெளியீடு என்று இன்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமே வரவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

பெயரைக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மறுபடியும் சனி அறை. எதிரே சூப்பர் மேடம், சாட்சிக்கு. வழிகாட்டிப்படி மேனேஜர் தன் வாயால் சொல்ல வேண்டும், ஊழியர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"யாருமே பாக்கல மேடம், கையெழுத்து போட்டுட்டுப் போறேனே" என்றேன்.

"பதிவு ஆகுதும்மா. படிச்சுடுங்க."

படித்தேன். "இது உங்கள் திறமை மீதான தீர்ப்பு அல்ல. நீங்கள் இந்தக் கம்பெனிக்குத் தந்த ஆண்டுகளுக்கு நன்றி." சும்மா கடமைக்குப் படிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நன்றி என்ற இடத்தில் அழுதுவிட்டேன். இத்தனை வருஷத்தில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல நானே வரவேண்டியிருந்தது. மேடம் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். மேனேஜருக்கா ஊழியருக்கா என்று தெரியவில்லை, குடித்தேன்.

"உங்க தரப்புல ஏதாவது கேள்வி?" என்றார்.

இல்லை என்றேன். மேடமும் அழுதுகொண்டிருந்தார். அவர் கொடுத்த பெயர், கூடவே சாப்பிடுகிற சிநேகிதியுடையதாம்.

ஏப்ரல் 16, வியாழன்

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அக்கா என் கையை விடவில்லை.

நல்லபடியாக முடிந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

அப்பா இன்று வராந்தாவின் கோடி வரை நடந்தார். ஒரு பக்கம் நான், மறு பக்கம் அக்கா. திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்ததும், "எப்போம்மா கிளம்பணும்?" என்றார். வந்த நாளிலிருந்து இதையே கேட்கிறார்.

"இப்போதைக்கு இல்லப்பா. மேனேஜர் இருந்துட்டு வரச் சொல்லிட்டாங்க."

"இவ்வளவு நாளா?" அவருக்கு நம்ப முடியவில்லை. "யாரும்மா அது? நல்ல மனுஷியா இருப்பா போல. போனைப் போட்டுக் குடு, நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லிடறேன்."

அக்கா சட்டென்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போய்விட்டாள்.

"நான் சொல்லிடறேன்பா" என்றேன்.

"மறக்காம சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சரி என்றேன்.