பத்து மணிக்கு எத்தனை பூ

அனுமந்தன்பட்டி
20.8.2025

என் ராஜாத்தி அக்காவுக்கு,

ஈசுவரி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், ஆடு எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதலாம்தான். ஆனால் ஆடி முடிந்து நீ மச்சானோடு பஸ் ஏறி மூன்று நாள்தான் ஆகிறது. அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் சித்தியையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறாள். உன் பக்கம் உன் மாமியார் இருமுவது கேட்கிறது. அத்தனை பேர் நடுவில் எனக்கு "சாப்பிட்டியா" தவிர ஒன்றும் வாயில் வராது. எழுதினால் வருகிறது. ஒன்பதாவதோடு நின்றாலும் கையெழுத்து கெடவில்லை, பார்.

காற்று நின்றுவிட்டது. வெயிலும் இளைத்துவிட்டது. நம் பத்துமணிப் பூ பத்து மணிக்கு விரிவதில்லை, பதினொன்று ஆகிறது. நேற்று நம் பந்தயப்படி முப்பது பூ என்று சொல்லிவிட்டு எண்ணினேன். இருபத்திரண்டுதான். நீ இருந்திருந்தால் சரியாகச் சொல்லி முதல் டீயை வாங்கிக் குடித்திருப்பாய். யாரிடம் தோற்றேன் என்று தெரியாமல் நின்றேன். அம்மா அடுப்படியிலிருந்து, "ஏன்டி, அங்கன யாருகிட்டப் பேசிக்கிட்டு இருக்க? பூவ எண்ணுனா சோறு வெந்துருமா?" என்றாள்.

சாயங்காலம் வாய்க்கால் பாலத்துக்குத் தனியாகப் போனேன். கொய்யா இருந்தது, மிளகாய்ப்பொடி இல்லை. அதைக் கொண்டுவருவது எப்போதும் நீதானே.

முக்கியமான செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். லோயர் கேம்பில் ஒரு வீட்டு மதிலில் வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட பூவைப் பார்த்தோமே, "நீயே போய்க் கேளு, நான் வரமாட்டேன்" என்று என்னை முதுகில் தள்ளினாயே, அந்தத் தண்டு பிடித்துவிட்டது. முதல் பூ விட்டிருக்கிறது. நான் வாய் திறந்து கேட்டு வாங்கிய ஒரே செடி. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

உன் தங்கை,
ஈசு


பெரியகுளம்
28.8.2025

ஆசைத் தங்கச்சி ஈசுவரிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இதை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டு. நீ பாதியை முழுங்கிவிட்டுப் படிப்பாய், எனக்குத் தெரியும்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. மச்சான் காலையில் உரக்கடைக்குப் போனால் ராத்திரி வருவார். அதுவரை எனக்குத் துணை என் நாத்தனார் மகாதான். தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து ஐந்து மணிக்கு வந்ததும், "மதினி, கிளம்புங்க" என்று நிற்பாள். இரண்டு பேரும் மாந்தோப்புப் பக்கம் நடந்துவிட்டு, வரும் வழியில் பானிபூரி சாப்பிட்டுவிட்டு வருவோம். என் தலையை அவள் பின்னிவிடுகிறாள். நம் பூ எண்ணும் விளையாட்டைச் சொன்னேன், அதையும் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளைப் பூ வந்த சேதி கேட்டு மகாவுக்கு ஒரே ஆசை. ஒரு தண்டு கிள்ளி ஈரத்துணியில் சுற்றி, வெள்ளிக்கிழமை நம் ஊரிலிருந்து இங்கே உரக்கடைக்கு வரும் மச்சானின் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பு. மறக்காதே.

அன்பு அக்கா,
ராஜாத்தி


அனுமந்தன்பட்டி
4.9.2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். மகா தலை பின்னிவிடும் இடத்தை அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பாண்டியம்மாள் சித்தி வந்ததும் மூன்றாவது தடவை. "நாத்தனா இப்பிடி அமையணும்டி, குடுத்து வச்சவ எம்மக" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தாளை மடித்துப் பரணில் வைத்துவிட்டேன். மூன்று தடவை சத்தமாகப் படித்தால் போதும்தானே.

மகா உன் தலையைப் பின்னுவது நல்லது. நான் பின்னினால் இழுக்கிறது என்பாய். படித்த பெண் கை மெதுவாக இருக்கும்போல. பூ எண்ணுவதும் அவளுக்கு நன்றாக வரும், கல்லூரியில் கணக்கெல்லாம் சொல்லித் தருவார்கள். அவளை நான் மதினி என்று கூப்பிட வேண்டுமாம், அம்மா சொல்கிறாள். முறை அப்படித்தானாம். வயதில் இரண்டு வருஷம்தான் மூப்பு. பார்க்கலாம்.

நம் விளையாட்டை அவளுக்குச் சொல்லும்போது, முதல் டீ யாருக்கு என்பதையும் சொன்னாயா? அதை மட்டுமாவது சொல்லாமல் விட்டிருக்கலாம்.

நான் வெறுமனே இல்லை. திராட்சைத் தோட்டத்தில் காய் கத்தரிக்கப் போகிறேன். முருகம்மாள் என்று ஒரு பெண் என்னோடு ரொம்ப சிநேகம். நாங்கள் இரண்டு பேரும் சாயங்காலம் வாய்க்கால் பாலத்துக்குப் போகிறோம். அவள் மிளகாய்ப்பொடி மறப்பதே இல்லை.

வெள்ளைப் பூச்செடி போன வாரம் செத்துப்போய்விட்டது. மகாவிடம் சொல்லிவிடு.

ஈசுவரி


பெரியகுளம்
24.9.2025

தங்கச்சி ஈசுவரிக்கு,

இந்த முதல் தாளை அம்மாவுக்குப் படி. நான் நன்றாக இருக்கிறேன். அத்தைக்கு இருமல் தேவலை. மச்சானுக்குத் தீபாவளிக்குச் சட்டை எடுக்கும்போது நீலம் வேண்டாம், அவரிடம் நீலமாகவே கிடக்கிறது. மகா இந்த வாரம் பரீட்சைக்குப் படிக்கிறாள். அப்பாவைக் காலில் செருப்பில்லாமல் வயலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லு.

ராஜாத்தி

(இரண்டாவது தாள்)

ஈசு, இதை அம்மாவுக்குப் படிக்காதே. உனக்கு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா, "இங்கன தூத்தல் விழுந்தா ஒந் தங்கச்சி குடையத் தூக்கிக்கிட்டு வெள்ளப் பூவுக்குப் பிடிக்கிறா, அவ தலை நனையிது" என்று சிரித்தாள். செடி சாகவில்லை. நீ ஏன் அப்படி எழுதினாய் என்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. கோபம் இல்லை. தப்பு என்னுடையது.

மகா என் தலையைப் பின்னியதே இல்லை, நம் பூ விளையாட்டை நான் அவளிடம் சொன்னதும் இல்லை. கல்யாணமான முதல் வாரத்தில் ஒரு நாள், அத்தை சொன்னதால், என்னை பானிபூரிக் கடைக்குக் கூட்டிப்போனாள். அந்த ஒரு நாளைத்தான் நான் தினமும் என்று எழுதினேன். கெட்ட பெண் இல்லை. கல்லூரியிலிருந்து வருவாள், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்துவாள். அத்தைக்குக் காது மந்தம். மச்சான் வரும்போது களைத்து வருவார். சில நாள் ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். நீதான் கடிதத்தை அம்மாவுக்குப் படிப்பாய் என்று தெரியும். அம்மா காதுக்காக எழுதினேன். உன் கண்ணை நினைக்கவில்லை.

வெள்ளைப் பூவைக் கேட்டது மகா இல்லை, நான். எனக்கென்று கேட்டால் அங்கே என்ன குறையோ என்று அம்மா யோசிப்பாள். மகா செடி படிக்கிற பெண். வாசலில் அதைப் பார்த்தால், "எங்கன வாங்குனீக மதினி" என்று ஒரு வார்த்தையாவது கேட்பாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொல்லாதே. முருகம்மாளைக் கேட்டதாகச் சொல்லு. அவள் கிடைத்தது எனக்கு நிம்மதி.

ராஜாத்தி


அனுமந்தன்பட்டி
5.10.2025

என் அக்காவுக்கு,

முதல் தாளை அம்மாவுக்குப் படித்தேன். இரண்டாவதை வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்று படித்தேன். பத்து நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

உன்னிடம் பொய் சொல்வதை இத்தோடு விட்டுவிடுகிறேன். அதனால் இதையும் எழுதுகிறேன். மகா உன்னோடு பேசுவதில்லை என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா என்றிருந்தது. அடுத்த வரியைப் படிக்கும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிவரை நீ பேசாமல் இருப்பதைப் படித்த பிறகு என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. நீ பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லையே அக்கா. தூக்கத்தில்கூடப் பேசுவாய்.

முருகம்மாள் தோட்டத்தில் இருப்பது நிஜம். வயது ஐம்பது இருக்கும். என்னை, "ஏத்தா, ஒனக்கு வாய் இருக்கா இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டது. அதுதான் எங்கள் சிநேகம்.

போன வாரம் மூன்று நாள் விடாமல் மழை. வாய்க்கால் செம்மண் நிறத்தில் ஓடுகிறது. குடை பிடித்தும் பிரயோசனம் இல்லை, வெள்ளைப் பூச்செடி வேரோடு அழுகிவிட்டது. இந்தத் தடவை நிஜம். நீ கேட்ட அன்றே கொடுத்திருந்தால் உன் வாசலில் ஒன்று பிழைத்திருக்கும். சொல்லிவிட்டேன், நீ திட்டலாம்.

மகா மதினிக்கும் தனியாக ஒரு கடிதம் இன்றே தபாலில் போடுகிறேன். நீ சொல்லாதே என்றது அம்மாவிடம்தானே. கோபம் வந்தால் வரட்டும்.

உன் ஈசு


அனுமந்தன்பட்டி
5.10.2025

மகா மதினிக்கு வணக்கம்.

ராஜாத்தியின் தங்கை ஈசுவரி எழுதுகிறேன். நாம் பேசிக்கொண்டதில்லை. கல்யாணத்தன்று என் தலையில் பூ நழுவியபோது நீங்கள்தான் கொண்டை ஊசி குத்திவிட்டீர்கள். கூச்சத்தில் நான் ஒன்றும் சொல்லாமல் ஓடிவிட்டேன். உங்கள்மேல் வருத்தத்தில் இதை எழுதவில்லை. நானும் ஆள் வந்தால் உள்ளே போய்விடும் ரகம்தான். அதனால் கதவைச் சாத்துகிறவர்களை எனக்குப் புரியும்.

எங்கள் அக்கா தனக்கென்று எதையும் கேட்க மாட்டாள். அதனால் நான் கேட்கிறேன். நீங்கள் கல்லூரியிலிருந்து வந்ததும் பத்து நிமிஷம் அவள் பக்கத்தில் உட்காருங்கள். என்ன பேசுவது என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். ஒரு வார்த்தை கேட்டால் போதும், மீதியை அவளே பார்த்துக்கொள்வாள். மழை இல்லாத நாளில் வெளியே நடந்து போனால், வேகமாக நடப்பாள். மெதுவாகப் போகச் சொல்லுங்கள், கேட்பாள். அவளுக்கு மிளகாய்ப்பொடி போட்ட கொய்யா பிடிக்கும். சிரிப்பு வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வாள், பயப்படாதீர்கள். உங்கள் தலையைப் பின்னிவிடச் சொல்லிப் பாருங்கள், அவளைப்போல யாருக்கும் வராது.

நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போவதைக் கேட்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் போய்விட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஈசுவரி