பட்டைப் பலகை மேசை

அன்புள்ள பூரணிக்கு,

நீயும் குழந்தை நிஷாவும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? படப்பையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன்.

இங்கே தைலமரப் பட்டையை அரைத்து, பசை கலந்து, சூட்டில் அழுத்திப் பலகை செய்கிறோம் அல்லவா? அந்தப் பட்டை கயிறு மாதிரி அரைக்கிற மெஷின் உருளையில் சுற்றிக்கொள்ளும். மெஷினை நிறுத்தினால் முதலாளி ஏகநாதன் கத்துவார் என்று, ஓடும்போதே கையால் இழுத்துவிடுவோம். போன வாரம் பட்டை என் கையையும் இழுத்துக்கொண்டது. வலது கையில் மூன்று விரல்தான் போயிற்று. கட்டைவிரல் இருக்கிறது.

விரலைத் தேடலாம் என்று, கூட வேலை செய்யும் லோகு அண்ணன் மெஷினை நிறுத்தப் போனார். "ஆர்டர் நிக்குது, ஓடவுடு. நம்மகிட்ட எதுவும் வேஸ்ட் ஆவாது" என்றார் முதலாளி.

இன்று நிஷாவுக்கென்று ஒரு படிக்கிற மேசையை அவரே லாரியில் ஏற்றினார். "அன்னிக்கு அழுத்துன பலகைதான்டா. உன் வெரலு உன் வூட்டுக்கே போவட்டும்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். வேலை வேண்டுமே, நானும் சிரித்தேன்.

லாரிக்காரரிடம் எலாஸ்டிக் வைத்த டவுசர் இரண்டும், அகலமான ஸ்பூன் ஒன்றும் கொடுத்தனுப்பு. ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன்.

மேசையை வெளியே போட்டுவிடாதே. நிஷாவிடம் எதுவும் சொல்லாதே. படித்துக்கொண்டே அதன்மேல் கன்னம் வைத்துத் தூங்கிவிட்டால், அவளை எழுப்பாதே.

உன்
தனபால்